கண்ணுக்கும் குரலுக்கும் எட்டும் தூரம்

கேள்வி:

விஸ்கான்சினில் மேடிசன் அருகே பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறோம். என்னிடம் பச்சை அட்டை இருக்கிறது. அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். என் மேலாளர் மூன்று ஆண்டுகளாக நவம்பர் மாதத்தில் வடக்கே இருக்கும் தன் குடும்பக் கேபினுக்கு என்னை மான் வேட்டைக்கு அழைத்துச் செல்கிறார். பயிற்சி வகுப்பு முடித்து, உரிமம் எடுத்து, ஆரஞ்சு உடை வாங்கி முறையாகத்தான் போகிறேன். அந்தக் குடும்பம் என்னைத் தங்களில் ஒருவனாக நடத்துகிறது.

சென்ற ஆண்டு தொடக்க நாளன்று காய்ச்சலால் கேபினிலேயே படுத்திருந்தேன். மதியம் மேலாளரின் அண்ணனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. காலையில் ஒரு கொம்பு மானைச் சுட்டுத் தன் டேக்கை, அதாவது ஒரு மானுக்கு என்று தரப்படும் அனுமதிச் சீட்டை, பயன்படுத்திவிட்டார். இப்போது இரண்டாவதாக ஒன்றைச் சுட்டிருப்பதாகவும், அதை என் டேக்கில் பதிவு செய்துவிடும்படியும் எழுதியிருந்தார். செய்துவிட்டேன். மான் எங்கே விழுந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. கேபின் இருக்கும் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பெயரையே போட்டேன். மேலாளரின் அப்பாவுக்கு 81 வயது. அவர் காட்டுக்குப் போவதில்லை, ஆனாலும் ஆண்டுதோறும் உரிமம் வாங்குகிறார். அவருடைய டேக்கையும் மற்றவர்களே நிரப்புகிறார்கள். "இது குழு வேட்டை, இங்கே இதுதான் மரபு" என்கிறார்கள். நம் ஊரில் சர்க்கரை வாங்காதவர்கள் ரேஷன் அட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதைப் போலத்தானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனாலும் ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. நான் செய்தது தவறா? இந்த நவம்பரில் போகலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

தவறுதான். சட்டப்படியும் தவறு, அந்தக் கேபினில் கூடும் வேட்டை முகாம் தன் மரபு என்று சொல்லிக்கொள்வதன்படியும் தவறு. இந்த நவம்பரில் போகலாமா என்றால், போங்கள். ஒரு நிபந்தனையோடு போங்கள், அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் புள்ளிமானைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்கு அனுப்பும் குற்றம். அதனால் 'மான் வேட்டை' என்ற சொல்லைக் கேட்டதுமே நமக்குக் கள்ளத் துப்பாக்கி நினைவுக்கு வருகிறது. விஸ்கான்சினின் நிலைமை வேறு. அங்கே வெள்ளைவால் மான்கள் நிறைய. அவற்றின் தொகையைக் கட்டுக்குள் வைக்க வேட்டையையே முக்கியக் கருவியாக அரசு வைத்திருக்கிறது. நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் துப்பாக்கிக் காலத்தில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் காட்டில் இறங்குகிறார்கள். அந்த வாரத்தில் பள்ளி, ஆலை, அலுவலகம் எதிலும் பலரைப் பார்க்க முடியாது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தன்னார்வப் பயிற்றுநராக இருப்பதால் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் உங்களைப் போன்ற நம்மவர்கள் சிலரைப் பார்க்கிறேன். வன உயிரியல் என் தொழில். இரண்டையும் வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

உங்கள் மேலாளர் குடும்பம் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் ஒருவருடைய டேக்குக்கு இன்னொருவர் மானைச் சுடக் கூடாது. விஸ்கான்சினில் கூடும். மினசோட்டாவிலும் கூடும். அயோவாவில் ஷாட்கன் காலத்தில் கூடும். விஸ்கான்சினின் வட எல்லையைத் தாண்டி மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் கால் வைத்தால் கூடாது. உங்கள் கேபின் எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். மரம் அதே மரம், மான் அதே மான், சட்டம் வேறு.

ஆனால் விஸ்கான்சின் அந்த அனுமதியை எப்படிக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். துப்பாக்கியோடு சேர்ந்து வேட்டையாடும் குழுவில், தனித்தனி உரிமம் உள்ள ஒருவர் மற்றவருக்காக மானைக் கொல்லலாம். யாருக்காகக் கொல்கிறாரோ அவரிடம் அந்த வகை மானுக்குச் செல்லும், இன்னும் பயன்படுத்தாத டேக் இருக்க வேண்டும். கொல்லும் நேரத்தில், கொல்லும் இடத்தில், இருவரும் தொடர்பில் இருக்க வேண்டும். தொடர்பு என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது. கண்ணால் பார்க்கும் தொடர்பு அல்லது குரல் கேட்கும் தொடர்பு. ஒலியையோ ஒளியையோ பெருக்கிக் காட்டும் கருவி எதன் துணையும் கூடாது. காது கேளாதவர் வைத்துக்கொள்ளும் செவிக் கருவிக்கு மட்டும் விலக்கு. வாக்கி டாக்கி கூடாது, கைபேசி கூடாது, குறுஞ்செய்தி கூடவே கூடாது.

ஆகவே உங்கள் விஷயத்தில் தவறு பதிவுப் பக்கத்தில் தொடங்கவில்லை. இரண்டாவது மானைக் குறிபார்த்தபோது அந்த மனிதரிடம் டேக் இல்லை, டேக் உள்ளவர் யாரும் அவர் கண்ணிலும் இல்லை. விசையை இழுத்த அந்த நொடியிலேயே சட்டம் உடைந்துவிட்டது. அதை மூடுவதற்குத்தான் உங்கள் டேக்கின் எண் தேவைப்பட்டது. காய்ச்சலில் கிடந்த ஒருவரிடம் சுட்ட பிறகு கேட்டிருக்கிறார்கள். அவர் உங்கள் மேலாளரின் அண்ணன் என்பதால் மறுப்பதும் எளிதாக இருந்திருக்காது. உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் மீது இருக்கிறது.

அடுத்து ரேஷன் அட்டை உவமை. நான் வளர்ந்த தெருவிலும் அப்படித்தான் நடக்கும், அதனால் அது உங்கள் மனதில் எழுந்தது எனக்கு வியப்பில்லை. சர்க்கரை ஒவ்வோர் அட்டைக்கும் உரியதாக ஒதுக்கப்பட்டுக் கடைக்கு வந்துவிட்ட பொருள். டேக் அப்படியல்ல. உங்களுக்கென்று ஒரு மானை யாரும் காட்டில் கட்டி வைத்திருக்கவில்லை. டேக் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். பெண் மான்களுக்கு எத்தனை டேக் வெளியிடுவது என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியில் ஆயிரம் பெண் மான்கள் குறைய வேண்டும், நாலில் ஒரு டேக்தான் நிறைவேறும் என்று முந்தைய ஆண்டுகள் காட்டினால், நாலாயிரம் டேக் வெளியிடுவார்கள். மூவாயிரம் பேர் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள் என்பது அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. மான் கிடைக்காமல் திரும்பியவரைப் பார்த்து இந்த ஊர் வேட்டைக்காரர்கள் "இந்த ஆண்டு டேக் சூப்தான்" என்பார்கள். அந்தச் சூப்பைக் குடிப்பவர்கள் இருப்பதால்தான் அடுத்த ஆண்டுக்கும் மான் இருக்கிறது.

முறையான குழு வேட்டை அந்தக் கணக்கைக் கெடுக்காது. ஆண்டாண்டாக நடப்பதால் அதன் விளைவும் எண்களுக்குள் சேர்ந்தே வருகிறது. என் கவலை வேறு. "முகாமில் இன்னும் ஐந்து டேக் பாக்கி" என்று எண்ணத் தொடங்கியவன் மானைப் பார்ப்பதில்லை. கடைசி நாள் மாலையில், ஒளி மங்கும் நேரத்தில், ஓடும் மானின் பின்புறத்தைப் பார்த்துச் சுடுகிறான். அது வயிற்றில் காயத்தோடு சதுப்புக்குள் போய் இரவெல்லாம் கிடந்து சாகிறது. அடுத்த நாள் காக்கைகள் கூடிய இடத்தில் அப்படிப்பட்ட மான்களை நான் பார்த்திருக்கிறேன். தன்னிடம் ஒரே ஒரு டேக் இருப்பவன் அந்தக் குண்டைச் சுடுவதற்கு முன் ஒரு முறையாவது யோசிப்பான்.

பதிவில் கவுண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த வரிதான், உங்களுக்கு அது சிறியதாகத் தெரிந்திருக்கலாம். 2001 நவம்பரில் சுடப்பட்ட மான்களின் மாதிரிகளைச் சோதித்தபோது, 2002 பிப்ரவரியில், விஸ்கான்சினில் முதல் முறையாக மான்களின் நாள்பட்ட நலிவு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இடம் மவுண்ட் ஹோரப் அருகே, உங்கள் வீட்டிலிருந்து மேற்கே கொஞ்ச நேரம் காரில் போனால் வந்துவிடும். மூளையைப் பஞ்சுபோல் ஓட்டையாக்கும் நோய். பாக்டீரியாவோ வைரஸோ காரணமல்ல, உருத்திரிந்த புரதம். மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்தும் தொற்றும். அது எந்தத் திசையில் பரவுகிறது என்பதை அறிய எங்களிடம் இருப்பதெல்லாம் வேட்டைக்காரர்கள் தரும் நிணநீர்க் கணுக்களும், மான் எங்கே விழுந்தது என்று அவர்கள் சொல்லும் சொல்லும்தான். மான் கைக்கு வந்த மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி வெறும் அலுவலகச் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். நோய் இதுவரை தென்படாத கவுண்டி ஒன்றின் பெயரில், வேறிடத்து மான் ஒன்று ஏறினால், அந்த வரைபடத்தில் ஒரு பொய்ப் புள்ளி விழுகிறது. அதை நம்பி யாரோ முடிவெடுப்பார்கள்.

"இதுதான் மரபு" என்ற பேச்சுக்கு வருகிறேன். மரபைச் சொல்லி ஒருவர் உங்கள் வாயை அடைத்தால், எந்த மரபு என்று கேட்கலாம். அந்த வடக்குக் காடுகளில் டேக் என்ற தாள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அமெரிக்கப் பழங்குடிகளான ஓஜிப்வே மக்கள் மான் வேட்டையாடினார்கள். அமெரிக்க அரசோடு செய்த 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் வேட்டை உரிமையை விடவில்லை. 1983இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பையனோ பெண்ணோ கொல்லும் முதல் மான் அவர்களுக்கு உரியதல்ல. விருந்தாக்கி, முதியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். பகிர்வு என்று அவர்கள் சொல்வது இறைச்சியை. உங்கள் முகாமில் பகிர்ந்தது எண்ணை.

நம் ஊரிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. தீபாவளிக்கு நாலைந்து வீடுகள் சேர்ந்து ஆடு பிடித்துக் கூறு போடுவார்கள். பணம் கொடுத்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் அதிகாலையிலேயே வந்து நிற்பார். ஈரல் எல்லாக் கூற்றிலும் ஒரு துண்டு விழுகிறதா, ஒரே கூற்றில் எலும்பு சேர்ந்துவிடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வராதவர் வீட்டுக்கும் கூறு போகும். ஆனால் வராதவர் பெயரைச் சொல்லி இன்னோர் ஆட்டை யாரும் அறுக்கமாட்டார்கள். உங்களைக் கேபினில் விட்டுவிட்டுப் போனவர்கள் மாலையில் வந்து தங்கள் மானில் ஒரு தொடையை உங்களுக்குக் கொடுத்திருந்தால், அதுதான் நீங்களும் நானும் அறிந்த பங்கு.

என்னுடைய இரண்டாவது வேட்டைக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு வந்தவர் அறுபது வயதைத் தாண்டியவர், தன் டேக்கை முதல் நாளே பயன்படுத்திவிட்டார். எனக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. ஓக் மரங்களின் இடையில் எழுபது தப்படி தள்ளி நின்றிருந்தோம். அவர் முன்னால் ஒரு பெண் மான் வந்து நின்றது. எனக்கு மரம் மறைத்தது, அவருக்கு மறைக்கவில்லை. அவர் சுடவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கையுறைக்குள்ளிருந்த ஒரு விரலால் என் சட்டைப் பையைக் காட்டினார், டேக் இருந்த பை. நான் தலையசைத்தேன். அதன் பிறகுதான் சுட்டார். அருகே போனதும் அவர் மானைத் தொடவில்லை. "உன் மான். நீதான் முதலில் தொட வேண்டும்" என்றார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். குளிர்கால மயிர் உள்ளே குழல்போல் காலியாக இருப்பதால் விரலுக்கு முரடாகப் படும். அடியில் உடம்பு இன்னும் சூடாக இருந்தது. வயிற்றைக் கீறிக் குடலை எடுக்கும் வேலையை என்னையே செய்யச் சொன்னார், பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு எங்கே வெட்டக் கூடாது என்று மட்டும் சொன்னார். பிறகு இருவரும் ஆளுக்கொரு முன்னங்காலைப் பிடித்துப் பனியில் இழுத்துக்கொண்டு வந்தோம். அந்தத் தலையசைப்பு இல்லாவிட்டால் அவர் அந்த மானை விட்டிருப்பார். எனக்கு அதில் ஐயமே இல்லை.

இதை நினைத்துத்தான் நிபந்தனை என்றேன். போவதற்கு முன்பே, இரண்டு வாரம் இருக்கும்போது, மேலாளரிடம் தனியாகப் பேசுங்கள். காட்டில் வைத்துப் பேச வேண்டாம், மற்றவர்கள் முன்னிலையிலும் வேண்டாம். "என் டேக்குக்கு யாராவது சுடுவதென்றால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும், சுடுவதற்கு முன் என்னைக் கேட்க வேண்டும். நான் இல்லாத இடத்தில் என் எண்ணைத் தரமாட்டேன்" என்று சொன்னால் போதும். அண்ணனைக் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. சொன்னதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நிம்மதிதான் தெரியும். இத்தகைய முகாம்களில் இந்தப் பழக்கத்தை விரும்பாமல் பேசாதிருப்பவர்கள் ஒருவராவது இருப்பார்கள். அதற்கு மாறாக அவர் இதைக் காரணம் காட்டி அலுவலகத்தில் உங்களை ஒதுக்கினால், அந்தக் கேபின் உங்களுக்கு வேண்டாம். தனியாக வேட்டையாடவும் மேடிசனைச் சுற்றிப் பொது நிலம் இருக்கிறது.

நடந்துபோனதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதிகாரியிடம் நீங்களாகவே போய்ச் சொல்லலாமா என்று நினைப்பீர்கள். மனச்சாட்சி அப்படித்தான் தள்ளும், அதை மதிக்கிறேன். ஆனால் முதலில் குடியேற்றமும் மாநில வேட்டைச் சட்டமும் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் கைதானதைப் பற்றி மட்டும் கேட்பதில்லை, கைதாகாமலே செய்த குற்றங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் விஷயத்தில் என்ன பதில் எழுதுவது என்பதை ஓர் உயிரியலாளன் சொல்லக் கூடாது. அவரைப் பார்க்கும்வரை ஃப்ரீசரில் இருப்பதை யாருக்கும் கொடுக்க வேண்டாம், உறவினர் வீட்டுக்கென்று இல்லினாய்ஸ் பக்கம் கொண்டுபோகவும் வேண்டாம். முறைகேடாகப் பிடித்த விலங்கு மாநில எல்லையைத் தாண்டினால் லேசி சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டம் குறுக்கே வரும். அந்த மானைச் சோதனைக்குக் கொடுத்தார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். கொடுக்கவில்லையென்றால் வீட்டில் யாரும் அதைச் சாப்பிட வேண்டாம் என்பது என் கருத்து. நோய் கண்ட மானை உண்ண வேண்டாம் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது, சோதிக்காதது எது என்று உங்களால் சொல்ல முடியாது.

எச்1பி விசாவில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். நண்பரின் துப்பாக்கியைச் சும்மா கையில் வாங்கிப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

கடைசியாக அந்தப் பெரியவர். அவரை நினைத்தால் எனக்கு இளக்கமாக இருக்கிறது. உரிமம் வாங்குவதை நிறுத்திவிட்டால் வேட்டைக்காரர் என்ற பெயரும் போய்விடும் என்று அஞ்சுகிறார் போலும். பிள்ளைகள் அவருடைய டேக்கை நிரப்புவதை அன்பு என்று நினைக்கிறார்கள். ஆனால் மேசையருகே சீட்டாடிக்கொண்டிருப்பவரின் பெயரில் காட்டில் மான் விழுவது அவரை வேட்டைக்குள் சேர்ப்பதில்லை. நடக்க இயலாதவர்களுக்கு நிறுத்திய வாகனத்திலிருந்தே சுட அனுமதிக்கும் தனி அனுமதிச் சீட்டு விஸ்கான்சினில் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கென்று அக்டோபரில் தனி வேட்டைக் காலமும் உண்டு. அவ்வளவு தூரம் போகாமலும் வழி இருக்கிறது. கேபினிலிருந்து ஐம்பது அறுபது தப்படியில், காற்றை மறைக்கும் ஒரு கூடாரம், ஒரு நாற்காலி, ஒரு சிறிய ஹீட்டர் போதும். அவர் தன் துப்பாக்கியோடு உட்காரட்டும். கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் நீங்கள் நில்லுங்கள். மற்றவர்கள் காட்டைக் கலைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வரட்டும். எல்லோரும் ஆரஞ்சு உடையில், யார் எந்தத் திசையில் சுடக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டு வரட்டும். அவர் கை நடுங்கினால், அவர் சொன்ன பிறகு நீங்கள் அவருக்காகச் சுடலாம். சட்டம் அனுமதிப்பது அதைத்தான்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். 1957இல் விஸ்கான்சின் முதல் முறையாகக் குழு அனுமதி கொடுத்தது. நாலு வேட்டைக்காரர்கள் சேர்ந்து கூடுதலாக ஒரே ஒரு மானை எடுத்துக்கொள்ளலாம். அப்போது அவர் தன் அப்பாவோடு காட்டுக்குப் போகத் தொடங்கியிருக்கும் வயது. கைபேசி இல்லாத அந்தக் காலத்தில் நாலு பேரும் ஒருவரையொருவர் எப்படிக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள், அந்த ஒரு மானை யார் சுடுவது என்று எப்படி முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளும் அந்த மேசையில் இருக்கும்போது கேளுங்கள்.